கத்தரியக்கா முடித்த புத்தகங்கள்

மாதம் பிறந்தால் இருபத்தைந்தாம் தேதிக்குள் கத்தரியக்கா பத்திரிகைக்குத் தன் புத்தகப் பக்கத்தை எழுதி அனுப்பிவிட வேண்டும். பத்தொன்பது வருடங்களாக ஒரு மாதம்கூடத் தவறியதில்லை. பக்கத்தில் மூன்று பகுதிகள்: முடித்தவை, பாதியில் வைத்தவை, அடுத்த மாதம் படிக்க இருப்பவை. ஒரு புத்தகத்துக்கு நாலு வரி, மிஞ்சிப்போனால் எட்டு. நன்றாக இல்லையென்றால் நன்றாக இல்லை என்றே எழுதுவாள். பத்திரிகை ஆசிரியரின் ஒன்றுவிட்ட தம்பி வெளியிட்ட கவிதைத் தொகுப்பை 'அட்டை அழகாக இருக்கிறது' என்று ஒரே வரியில் முடித்த மாதம்தான் பத்திரிகை அலுவலகத்தில் அவளுக்குக் 'கத்தரி' என்ற பெயர் விழுந்தது. வயது ஐம்பதைத் தாண்டியதும் மரியாதைக்கு ஓர் அக்காவும் ஒட்டிக்கொண்டது.

அந்தப் பக்கம் சோறு போடாது. சோற்றுக்கு வேறு வேலை. மருந்துப் பெட்டிக்குள் மடித்து வைக்கும் துண்டுத்தாள்களுக்குப் பிழை திருத்துவாள். தலைசுற்றல், வாய் உலர்தல், அரிதாகத் தோல் தடிப்பு என்று எறும்பு எழுத்தில் வரும் தாள்களை வீட்டு மேசையில் பரப்பி, ஸ்கேல் வைத்து வரி வரியாகப் பார்ப்பாள். ஒரு புள்ளி இடம் மாறினால் மருந்தின் அளவு பத்து மடங்காகிவிடும் என்பதால் அதில் அவள் கண் தப்பாது.

வீட்டில் அவளும் தங்கையும் மட்டும்தான். இருவருக்கும் கல்யாணம் ஆகவில்லை. ஏன் ஆகவில்லை என்று கேட்டவர்களும் ஒரு கட்டத்தில் அலுத்து விட்டுவிட்டார்கள். தங்கை ஒரு பல் மருத்துவமனையில் வரவேற்பு மேசையில் இருந்தாள். மாலையில் வீட்டுக்கு வந்து, மறுநாளைக்கான சீருடைக்கு இஸ்திரி போடும் நேரத்தில்தான் அக்கா அன்று படித்ததைச் சொல்லுவாள். தங்கை தானாக ஒரு புத்தகத்தைத் திறந்ததில்லை. ஆனால் பத்தொன்பது வருடத்தில் அந்த வீட்டுக்குள் வந்த அத்தனை கதையும் அவளுக்குத் தெரியும். நடுவில் நிறுத்தினால் இஸ்திரிப்பெட்டியை நிமிர்த்தி வைத்துவிட்டு, "அக்கா, அவளை அப்படியே நடுத்தெருவுல விட்டுட்டா எப்படி?" என்பாள். "நான் இன்னும் அவ்வளவுதான் படிச்சிருக்கேன்டி." "அப்ப நாளைக்குச் சீக்கிரம் படி."

அந்த மருத்துவமனைக்குக் கடைவாய்ப்பல் வலியோடு ஒரு கால்நடை மருத்துவர் வந்தார். மனைவியை இழந்தவர். வெளிநாட்டில் வேலை, விடுமுறையில் வந்திருந்தார். ஒரு பல்லுக்கு ஆறு தடவை வந்தபோதே கத்தரியக்காவுக்குப் புரிந்திருக்க வேண்டும். பல்லைப் பிடுங்க வந்தவர் தங்கையைப் பிடுங்கிக்கொண்டு போய்விட்டார். நாற்பத்தொன்பது வயதில் தங்கை பதிவு அலுவலகத்தில் கையெழுத்துப் போட்டபோது, சாட்சிக் கையெழுத்து கத்தரியக்கா போட்டாள். மனசார வாழ்த்தினாள், அதில் பொய்யில்லை. விமான நிலையத்திலிருந்து திரும்பி வந்து, இஸ்திரி மேசையை மடித்துச் சுவரில் சாய்த்துவிட்டு, அன்று மதியமே ஒரு நாவலை எடுத்துக்கொண்டு உட்கார்ந்தாள்.

முப்பது பக்கத்தில் நின்றுபோனது.

நாவல் மோசமில்லை. கண்ணிலும் கோளாறில்லை. வாக்கியங்கள் புரிந்தன. ஆனால் கதையில் ஏதாவது நடக்கும்போதெல்லாம், இதை அவளிடம் சொல்ல வேண்டும் என்று மனசு எழும். சொல்ல ஆளில்லை என்று உட்கார்ந்துவிடும். இப்படி நாலு முறை எழுந்து நாலு முறை உட்கார்ந்த மனசு ஐந்தாவது முறை எழவே இல்லை. வேறு புத்தகம் எடுத்துப் பார்த்தாள். அதுவும் அப்படித்தான். மருந்துத் தாள் மட்டும் தடங்கலில்லாமல் ஓடியது. வாய் உலர்தலை யாரிடமும் சொல்ல வேண்டியதில்லை அல்லவா.

ஒரு ஞாயிற்றுக்கிழமை தொலைபேசியில் சொல்லிப் பார்த்தாள். "ஒரு கதைடி, ஒருத்தி பழைய வீட்டை விக்கப் போறா..." அந்தப் பக்கம் பாத்திரம் உருளும் சத்தம் கேட்டது. "அக்கா, அவரோட பொண்ணுங்க சாப்பிட வந்திருக்காங்க. அப்புறம் கூப்பிடட்டுமா?" அப்புறம் தங்கை கூப்பிட்டாள்தான். ஆனால் அதற்குள் அந்த வீட்டை யார் வாங்கினார்கள் என்பதில் இருவருக்குமே அக்கறை இல்லாமல் போயிருந்தது.

இருபத்தைந்தாம் தேதி வந்தது. முடித்தவை என்று எழுதி, கீழே எழுத ஒன்றும் இல்லாமல் அரை மணி நேரம் உட்கார்ந்திருந்தாள். பிறகு இரண்டு புத்தகங்களின் முன்னுரையையும் பின்னட்டையையும் படித்துவிட்டு நாலு நாலு வரி எழுதினாள். இந்த ஒரு தடவைதான் என்று சொல்லிக்கொண்டாள். அடுத்த மாதம் மூன்று புத்தகம். அதற்கடுத்த மாதம் பொய் கை வந்த கலையாகிவிட்டது. நாலு புத்தகம் முடித்து, ஒன்றைப் பாதியில் வைத்ததாகவும் எழுதினாள். அப்போதுதான் நம்பும்படி இருக்கும். எட்டு மாதத்தில் அவள் முடித்ததாக அச்சேறியவை இருபத்தேழு. உண்மையில் முடித்தது ஒன்றுகூட இல்லை.

எட்டாவது மாதம் பின்னட்டைக்குக்கூடப் பொறுமை இல்லை. ஒரு சின்னப் பதிப்பகம் அனுப்பியிருந்த புதிய வெளியீடுகளின் பட்டியலிலிருந்து ஒன்றைப் பொறுக்கினாள். ஓய்வுபெற்ற லிஃப்ட் மெக்கானிக் ஒருவரின் முதல் நாவல். பட்டியலில் நாலு வரி இருந்தது. அவள் ஆறு வரியாக்கினாள். 'மூன்றே நாளில் முடித்தேன். கடைசி அத்தியாயம் இன்னும் மனதை விட்டு அகலவில்லை' என்று முடித்தாள்.

பத்திரிகை வந்த நாலாம் நாள் காலை தொலைபேசி அடித்தது.

"அம்மா, புத்தகப் பக்கம் எழுதுறவங்களா? பத்திரிகை ஆபீஸ்ல நம்பர் வாங்கினேன். நான்தான் அந்த லிஃப்ட் நாவல் எழுதினவன்."

நன்றி சொல்லக் கூப்பிடுகிறார் என்று நினைத்து அவள் குரலை நிதானப்படுத்திக்கொண்டாள். "சொல்லுங்க."

"ரொம்ப சந்தோஷம்மா. என் பேரு அச்சுல வர்றது இதான் முதல் தடவை. ஒரே ஒரு சந்தேகம் கேக்கலாமா? தப்பா எடுத்துக்காதீங்க."

"கேளுங்க."

"கடைசி அத்தியாயத்துல என்ன இருந்துச்சு?"

அவள் பத்திரிகையை இழுத்துத் தன் பக்கத்தைத் திறந்தாள்.

"இல்லம்மா, நான் அதை இன்னும் எழுதலை. பதினோரு அத்தியாயம் பதிப்பகத்துல குடுத்திருக்கேன். கடைசி ஒண்ணு வராம ஆறு மாசமா முட்டிக்கிட்டு நிக்குது. அவங்க அவசரப்பட்டுப் பட்டியல்ல போட்டுட்டாங்க. புத்தகம் இன்னும் அச்சுக்கே போகலை." குரலில் கோபம் இல்லை. கோபம் இருந்திருந்தால் பதிலுக்கு ஏதாவது சொல்லியிருக்கலாம். "என் மருமக உங்க பக்கத்தை வெட்டி ஃபிரிட்ஜ்ல ஒட்டி வச்சிருக்கா. 'அப்படி என்ன மாமா அந்தக் கடைசி அத்தியாயத்துல'ன்னு தினமும் கேக்குறா. நான் என்ன சொல்லட்டும்? அதான் உங்களையே கேட்டுடலாம்னு..."

கத்தரியக்கா தொலைபேசியை வைத்துவிட்டாள். காது சுட்டது. குளித்து, தலையைக்கூடச் சரியாகத் துவட்டாமல் பத்திரிகை அலுவலகத்துக்குப் போனாள்.

ஆசிரியர் அடுத்த இதழின் விளம்பரங்களைத் தரையில் பரப்பி வைத்துக்கொண்டு மண்டிபோட்டு உட்கார்ந்திருந்தார். அவள் நின்றபடியே எல்லாவற்றையும் சொன்னாள். எட்டு மாதம், இருபத்தேழு புத்தகம், எழுதாத அத்தியாயம் எல்லாம். அவர் கேட்டு முடித்துவிட்டு, முழங்காலைப் பிடித்தபடி மெதுவாக எழுந்தார்.

"இவ்வளவுதானா? நான் உடம்புக்கு ஏதோன்னு பயந்துட்டேன்."

"விளையாடாதீங்க. வாசகர்களை ஏமாத்தியிருக்கேன்."

"யாரை? அக்கா, நீங்க கோவிச்சுக்கக் கூடாது. எட்டு மாசத்துல உங்க பக்கத்தைப் பத்தி நமக்கு ஒரு கடிதாசி வரலை. ஒரு போன் வரலை. நல்லா இருக்குன்னும் வரலை, நாறுதுன்னும் வரலை. ராசிபலன்ல ஒரு வரி விட்டுப்போனா முப்பது பேர் கூப்பிடுறாங்க."

"அதுக்கு முன்னாடி? நான் நிஜமா படிச்சு எழுதினப்ப?"

ஆசிரியர் ஒரு விளம்பரத்தை எடுத்து இடம் மாற்றி வைத்தார். "அப்பவும் இதே அளவுதான்," என்றார். பிறகு, சொன்னது அதிகம் என்று உணர்ந்தவர் போல, "பக்கம்னு ஒண்ணு இருந்தா பத்திரிகைக்கு ஒரு கௌரவம். நீங்க பாட்டுக்கு எழுதுங்க. அந்த மெக்கானிக்கிட்ட மட்டும் ஒரு வார்த்தை சாரி சொல்லிடுங்க," என்றார்.

படிக்காமல் எழுதியது தெரிந்துபோன அவமானத்தைச் சுமந்துகொண்டு வந்தவளுக்கு, படித்து எழுதியதும் யாருக்கும் தெரியாது என்ற செய்தி கிடைத்தது. முன்னதைவிட இது கனமாக இருந்தது. பேருந்தில் இடம் இருந்தும் நின்றுகொண்டே வீடு வந்தாள்.

மெக்கானிக்கின் முகவரியை வாங்கிக்கொண்டு மறுநாள் பிற்பகல் போனாள். ஐந்தாவது மாடி. கீழே லிஃப்ட் கதவில் 'பழுது' என்று அட்டை தொங்கியது. மூச்சு வாங்க ஏறிப்போய் மணி அடித்தாள். கதவைத் திறந்தவர் குள்ளமாக, கைகள் மட்டும் பெரியதாக இருந்தார். அவள் முகத்தைப் பார்த்ததும் படியில் ஏறி வந்ததை ஊகித்துவிட்டார்.

"மன்னிக்கணும்மா. அது எங்க கம்பெனி லிஃப்ட் இல்லை. எங்களோடதா இருந்தா நின்னுருக்காது."

வீட்டில் அவர் மட்டும் இருந்தார். மகனும் மருமகளும் வேலைக்குப் போயிருந்தார்கள். சமையலறை வழியாகப் போகும்போது அவள் பார்த்தாள்: ஃபிரிட்ஜ் கதவில் அவளுடைய பக்கம், நாலு மூலையிலும் நாலு காந்தம் வைத்து. அவளுடைய ஆறு வரிக்கு மட்டும் சிவப்பு மையில் கட்டம். பத்தொன்பது வருடத்தில் தன் எழுத்தை இன்னொருவர் வீட்டில் அவள் பார்ப்பது அதுதான் முதல் தடவை. பார்க்கக் கிடைத்ததோ ஒரு பொய்.

"நான் உங்க நாவலைப் படிக்கலை," என்றாள் உட்காருவதற்கு முன்பே.

"தெரியும்மா. எழுதாததை எப்படிப் படிப்பீங்க?" அவர் தண்ணீர் கொண்டுவந்து வைத்தார். "முதல்ல கோவம் வந்துச்சு, மறைக்கலை. அப்புறம் யோசிச்சேன். இந்த வீட்டுல நான் ராத்திரி பகலா எழுதிக்கிட்டு இருந்தப்ப, அப்பாவுக்குப் பொழுது போகலைன்னுதான் பேச்சு. உங்க பக்கம் வந்த அன்னைக்குத்தான் மருமக என்கிட்ட உக்காந்து, 'என்ன மாமா கதை'ன்னு கேட்டா."

"அடுத்த இதழ்ல உண்மையை எழுதப் போறேன்."

அவர் முகம் சற்றே வாடியது. "எழுதித்தான் ஆகணுமா?"

"ஆகணும்."

அவர் தன் கைகளைப் பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு நாவலைப் பற்றிச் சொன்னார். முப்பத்து மூன்று வருடம் வேலை பார்த்ததில் ஒரு சம்பவம். ஓர் அலுவலகக் கட்டிடத்தில் ஆறாவது மாடிக்கும் ஏழாவது மாடிக்கும் நடுவில் லிஃப்ட் நின்றுவிட்டது. உள்ளே ஒரே ஒரு பெண். சரிசெய்ய இரண்டு மணி நேரம் ஆனது. அதுவரை அவர் கேபினின் மேலே உட்கார்ந்துகொண்டு, அந்தப் பெண் பயப்படாமல் இருக்கப் பேச்சுக் கொடுத்துக்கொண்டே இருந்தார். முகம் தெரியாத தைரியத்தில் அவள் யாரிடமும் சொல்லாததையெல்லாம் சொன்னாள்.

"கதவு திறந்ததும் திரும்பிப் பாக்காம விடுவிடுன்னு போயிட்டாங்க. நான் மேல இருந்து இறங்கி வர்றதுக்குள்ள ஆள் இல்லை. அப்புறம் என்ன ஆனாங்கன்னு தெரியாது. தெரியாததை எப்படிம்மா எழுதுறது?" அவர் சிரித்தார். "உங்ககிட்டதான் கேட்டுக் கத்துக்கணும்."

குத்தலாகச் சொல்லவில்லை. அதனாலேயே நன்றாகக் குத்தியது. அவளுக்கும் சிரிப்பு வந்தது. சிரித்துக்கொண்டே கண்ணைத் துடைத்தாள். வீட்டில் யார் இருக்கிறார்கள், என்ன ஆயிற்று என்று அவர் எதுவும் கேட்கவில்லை. பதினோரு அத்தியாயத்தின் நகலை ஒரு பிளாஸ்டிக் கோப்பில் போட்டுக் கொடுத்தார். "படிச்சுட்டு எழுதுங்க, படிக்காம எழுதாதீங்க," என்றார். "மோசமா இருந்தா மோசம்னு எழுதுங்க. ஆனா அச்சுக்குப் போறதுக்கு முன்னாடி எனக்கு ஒரு வார்த்தை."

இருநூற்றுப் பதினாலு பக்கம், சாய்ந்த கையெழுத்து. முதல் நாள் வழக்கம்போல மனசு எழுந்து உட்கார்ந்தது. இரண்டாம் நாள் அவள் வேறொன்று செய்தாள். மருந்துத் தாளுக்கு வைக்கும் ஸ்கேலை வைத்து, வரி வரியாக, சத்தம் போட்டுப் படித்தாள். கேட்க யாரும் இல்லாத அறையில் தன் குரல் முதலில் அசிங்கமாக இருந்தது. வாசலில் பால் பாக்கெட் போட வந்தவர் தயங்கி, "யாராவது வந்திருக்காங்களா?" என்று கேட்டார். "இல்லை, படிச்சிட்டிருக்கேன்," என்றாள். அவர் ஒரு மாதிரியாகப் பார்த்துவிட்டுப் போனார். ஒரு நாளைக்குப் பதினைந்து பக்கம், சில நாள் நாலு. சந்தோஷம் என்று சொல்ல முடியாது. சொல்ல ஆளில்லாத கதையைத் தனக்கே சொல்லிக்கொள்வது உப்பில்லாமல் சாப்பிடுவதுபோல இருந்தது. ஆனாலும் இருபத்து மூன்றாம் தேதி கடைசிப் பக்கம் வந்தது.

அன்றே தன் பக்கத்தை எழுதினாள். 'சென்ற எட்டு மாதங்களில் இருபத்தேழு புத்தகங்களை முடித்ததாக எழுதியிருந்தேன். ஒன்றையும் முடிக்கவில்லை. என் தங்கை வீட்டை விட்டுப் போனபின் என்னால் படிக்க முடியவில்லை. அதைச் சொல்ல வெட்கமாக இருந்தது. அந்த எழுத்தாளர்களிடம் மன்னிப்புக் கேட்கிறேன். முடித்தவை: ஒன்று. இன்னும் அச்சாகாத ஒரு நாவலின் பதினோரு அத்தியாயங்கள். இதன் கடைசி அத்தியாயம் எழுதப்படவில்லை. அதைப் பற்றி நான் எழுதியது பொய். முதல் நாலு அத்தியாயத்தில் இயந்திரங்களைப் பற்றிய விளக்கம் அதிகம், வெட்டலாம். கேபினுக்கு மேலே உட்கார்ந்து அவர் பேசும் அத்தியாயம் பொய் கலக்காத எழுத்து. அடுத்த மாதம் படிக்க இருப்பவை: அந்த இருபத்தேழில், முடிந்தவரை.'

மெக்கானிக்கைத் தொலைபேசியில் கூப்பிட்டு வாசித்துக் காட்டினாள்.

"நாலு அத்தியாயமும் வெட்டணுமா?"

"நாலுலயும் பாதி."

"ம்." தாள் புரட்டும் சத்தம் கேட்டது. "சரிம்மா, போடுங்க. மருமககிட்ட முன்னாடியே நானே சொல்லிடுறேன். ஃபிரிட்ஜ்ல ஒட்டினதை அவ கிழிச்சா கிழிக்கட்டும்."

ஆசிரியருக்குப் பிடிக்கவில்லை. "இது மதிப்புரை இல்லைக்கா, வாக்குமூலம்," என்றார். ஆனாலும் போட்டார், ஒரு வார்த்தை குறைக்காமல். இந்தத் தடவை கடிதங்கள் வந்தன. இரண்டு எழுத்தாளர்கள் திட்டியிருந்தார்கள். அதில் ஒருவருடைய திட்டு நியாயமாகவும் நல்ல நடையிலும் இருந்தது. ஒருவர் தன் புத்தகத்தைப் படிக்காமல் பாராட்டியதற்கும் நன்றி சொல்லியிருந்தார். பெயரில்லாத ஒரு தபால் அட்டையில், 'நானும் ஒரு வருடமாகப் படிக்கவில்லை' என்ற ஒரு வரி மட்டும் இருந்தது. அதை அவள் பத்திரமாக எடுத்து வைத்துக்கொண்டாள்.

பத்திரிகை தபாலில் தங்கைக்கும் போய்ச் சேர்ந்தது. ஞாயிறுவரை காத்திருக்காமல் புதன்கிழமையே கூப்பிட்டாள்.

"ஏன்க்கா எங்கிட்ட சொல்லலை?"

"என்னன்னு சொல்றது? நீ போனதால எனக்குப் படிக்க வரலைன்னா? சின்னப் பிள்ளையா நானு?"

"சொல்லியிருந்தா..."

"சொல்லியிருந்தா வந்திருப்பியா?"

"அக்கா..." என்றாள் தங்கை. அதிலேயே இல்லை என்ற பதில் இருந்தது. கத்தரியக்காவுக்கு அது புதிதல்ல. வர வேண்டும் என்று அவள் எதிர்பார்க்கவும் இல்லை. "நீ நல்லா இருக்கியாடி?" என்றாள். "நல்லா இருக்கேன்க்கா," என்றாள் தங்கை, குரல் உடைந்து. "அதுதான் கஷ்டமா இருக்கு." இருவரும் கொஞ்சம் அழுதார்கள். பிறகு தங்கை அங்கே பெய்யும் மழையைப் பற்றிச் சொன்னாள். இவள் மாடித் தண்ணீர்க்குழாய் ஒழுகுவதைப் பற்றிச் சொன்னாள்.

ஒன்றரை மாதம் கழித்து மெக்கானிக் கூப்பிட்டார். குரலே ஓடி வந்தது.

"முடிச்சுட்டேன்மா! கடைசி அத்தியாயம். நீங்க சொன்ன இடத்துலயும் வெட்டிட்டேன்."

"அனுப்புங்க, இன்னைக்கே படிக்கிறேன்."

"அனுப்புறேன், அனுப்புறேன். இப்ப மருமக படிச்சிட்டிருக்கா. உண்மையைச் சொன்ன அன்னைக்கு ரெண்டு நாள் பேசலை. அப்புறம் அவளே வந்து, 'எழுதாததுதானே மாமா, எழுதுங்க'ன்னா. தினம் சாயங்காலம் ஒரு அத்தியாயம். படிச்சுட்டு ஒரு கேள்வி கேப்பா பாருங்க, பதில் சொல்ல முடியாது. அவ முடிச்சதும் உங்களுக்குத்தான்."

"அவசரமில்லை," என்றாள் கத்தரியக்கா. "அவங்க நிதானமா படிக்கட்டும்."

தொலைபேசியை வைத்துவிட்டுச் சற்று நேரம் அங்கேயே நின்றாள். அவருக்காகச் சந்தோஷமாகத்தான் இருந்தது. அந்த வீட்டுச் சாயங்காலத்தை நினைத்துப் பார்க்காமல் இருக்கத்தான் முடியவில்லை.

அந்த மாதம் அவள் முடித்தது இரண்டு. மூன்றாவதில் நூற்றுப் பன்னிரண்டாம் பக்கத்தில் இருந்தாள். மாதம் முடிய இன்னும் பதினோரு நாள் இருந்தது. அரிசியைக் களைந்து ஏற்றிவிட்டு, அடுப்படியிலேயே முக்காலியை இழுத்துப்போட்டு உட்கார்ந்து, விட்ட இடத்திலிருந்து சத்தமாகப் படிக்க ஆரம்பித்தாள்.